எண்கடலில் முத்தெடுத்த நேப்பியர்

(பி.எஸ்ஸி., கணிதம், மூன்றாம் ஆண்டு)

பாண்டிய நாட்டின் பெருமையை உலகறியச் செய்தவை இரண்டு. ஒன்று தமிழ், மற்றொன்று முத்து. கொற்கைத் துறையின் முத்துகளை யவனர் விரும்பி வாங்கிய காலம் தொட்டு, மன்னார் வளைகுடாவின் இக்கரை முத்துக்குளித்துறை என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடலடியில் முத்துச்சிப்பி படிந்து கிடக்கும் திட்டுகளைப் பார் என்று நம் மக்கள் அழைப்பர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தோலாயிரம் பாரின் பெயரை அறியாத மீனவர் இங்கு அரியர்.

முத்தை எடுப்பது ஒரு கலை. எடுத்த முத்துக்கு மதிப்புக் காண்பது மற்றொரு கலை. முன்னாளில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்து, அளவு வாரியாகப் பிரித்தார்கள். பின்பு மஞ்சாடியும் கழஞ்சுமாக நிறுத்தார்கள். இருபது மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. ஆனால் உயர்ந்த முத்துகளுக்கு எடையைக் கொண்டு மட்டும் விலை கூறுவதில்லை. அதற்கென்று செவ்வு என்னும் ஒரு கணக்கை வைத்திருந்தார்கள். முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடியில் கண்டு, அதனை வர்க்கித்து, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் ஈவே செவ்வு. விலை பேசுவது செவ்வுக்கு இவ்வளவு என்றுதான்.

இதன் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்து முத்துகள் சேர்ந்து பத்து மஞ்சாடி எடை என்றால் அவற்றின் செவ்வு ஏழரை. ஒரே முத்து பத்து மஞ்சாடி எடை என்றால் அதன் செவ்வு எழுபத்தைந்து! எடை ஒன்றே, மதிப்போ பத்து மடங்கு. பெரிய முத்தின் அருமையை இதனினும் சுருக்கமாகக் கணிதத்தில் சொல்ல முடியுமா?

இனி இக்கணக்கைத் திருப்பிப் போடுவோம். பன்னிரண்டு ஒத்த முத்துகள் கொண்ட ஒரு கோவை 36 செவ்வு பெற வேண்டுமானால், அதன் எடை என்னவாக இருத்தல் வேண்டும்? இப்போது எடை என்பது நாம் அறியாத மாறி. முப்பத்தாறைப் பன்னிரண்டால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மூன்றால் வகுத்து, கடைசியில் வர்க்கமூலம் காண வேண்டும். எண்கள் சிறியவையாக இருந்தால் விரல் விட்டே முடித்துவிடலாம். பின்னங்களும் பெரிய எண்களும் வந்து நின்றால் வர்க்கமூலம் காண்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வணிகர் மட்டுமல்லர், விண்மீன்களை அளந்தவர்களும், நடுக்கடலில் வழி தேடிய மாலுமிகளும் இதே சுமையைத்தான் சுமந்தார்கள். அந்தச் சுமையை இறக்கி வைக்கத் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு மனிதரின் வரலாறே இக்கட்டுரை. அவர் பெயர் ஜான் நேப்பியர்.

மெர்ச்சிஸ்டன் கோட்டை

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரின் அருகே உள்ள மெர்ச்சிஸ்டன் கோட்டையில் 1550ஆம் ஆண்டு நேப்பியர் பிறந்தார். அப்போது அவருடைய தந்தை ஆர்ச்சிபால்டுக்கு வயது பதினாறுதான்! செல்வமும் செல்வாக்கும் உள்ள நிலக்கிழார் குடும்பம் அது. தந்தை பிற்காலத்தில் அரசின் நாணயச் சாலைக்குத் தலைவராக விளங்கினார்.

பதின்மூன்றாம் வயதில், 1563இல், நேப்பியர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் தாயார் மறைந்தார். பட்டம் பெறாமலேயே நேப்பியர் அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். ஐரோப்பாவின் வேறு நாடுகளில் அவர் கல்வி பயின்றிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பட்டம் பெறாத ஒருவரின் படைப்பு, பின்னாளில் பட்டம் பெற வந்தோர் அனைவரின் கையிலும் தவழ்ந்தது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

1571இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு எலிசபெத் ஸ்டர்லிங் என்னும் நங்கையை மணந்தார். கார்ட்னஸ் என்ற இடத்தில் எழுப்பிய புதிய மாளிகையில் இருவரும் வாழ்ந்தனர். 1579இல் அவ்வம்மையார் இயற்கை எய்தினார். பின்னர் நேப்பியர் ஆக்னஸ் சிஸ்ஹோம் என்பாரை மணந்தார். முதல் மனைவிக்கு இரண்டு, இரண்டாம் மனைவிக்குப் பத்து எனப் பன்னிரண்டு மக்கள் அவருக்கு. நிலம், வழக்கு, குடும்பம், குழந்தைகள் என எல்லாத் தொல்லைகளுக்கும் நடுவேதான் அவர் கணிதம் செய்தார். அவர் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்ததில்லை. கணிதம் அவருக்குத் தொழிலுமன்று.

பயிர்த்தொழிலில் அவருக்கு ஆர்வம் மிகுதி. வயலுக்கு உப்பை உரமாக இட்டு விளைச்சலைப் பெருக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார். உப்பளங்களின் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி சிறு புன்னகையை வரவழைக்கும்.

கருஞ்சேவலும் கடும்பகையும்

தனிமையை விரும்பிய இம்மனிதரை ஊரார் மந்திரவாதி என்றே நினைத்தனர். அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று சுவையானது. வேலைக்காரருள் ஒருவன் திருடுகிறான் என்று ஐயம் எழுந்தபோது, நேப்பியர் தம் கருஞ்சேவலை ஓர் இருட்டறையில் விட்டார். ஒவ்வொருவராக உள்ளே சென்று சேவலைத் தடவி வர வேண்டும் என்றும், திருடன் தொட்டால் சேவல் கூவிக் காட்டிக் கொடுக்கும் என்றும் அறிவித்தார். சேவல் கூவவில்லை. ஆனால் அதன் உடலில் அவர் முன்பே கரி பூசி வைத்திருந்தார். அஞ்சித் தொடாமல் வந்தவன் கை மட்டும் கறையின்றி இருந்தது! மந்திரம் இல்லை, மதிநுட்பமே என்பதை அன்று எத்தனை பேர் உணர்ந்தார்களோ!

அக்காலம் சமயப் பூசல் மலிந்த காலம். நேப்பியர் சீர்திருத்தச் சபையைத் தீவிரமாகப் பற்றியவர். ரோமாபுரித் திருச்சபையைச் சாடி 1593இல் ஒரு நூல் வெளியிட்டார். விவிலியத்தின் இறுதிப் பகுதியாகிய திருவெளிப்பாட்டுக்கு எண்களின் துணையால் பொருள் கண்டு, 1700ஆம் ஆண்டுக்குள் உலகம் முடிந்துவிடும் என்று அதில் கணித்தார். அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பரவியது. தம் புகழ் நிலைக்கப் போவது அந்நூலால்தான் என்று அவர் நம்பினார்.

ஸ்பெயின் மன்னர் படையெடுத்து வருவார் என்ற அச்சமும் ஸ்காட்லாந்தில் இருந்தது. 1596இல் நேப்பியர் சில போர்க்கருவிகளுக்கான திட்டங்களை எழுதினார். பகைவர் கப்பலைச் சூரிய ஒளியால் எரிக்கும் கண்ணாடிகளும், நீருக்கடியில் செல்லும் கலமும் அவற்றுள் அடங்கும்.

அதே காலத்தில் நம் கடற்கரை எவ்வாறு இருந்தது? பரதவ மக்கள் கிறித்தவம் தழுவி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முத்துக்குளிப்பில் போர்த்துக்கீசியரின் ஆதிக்கம் நிலவியது. 1580இல் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே நேப்பியர் எந்த மன்னருக்கு அஞ்சிக் கருவி வரைந்தாரோ, அதே மன்னரின் குடிகள்தாம் நம் கரையில் முத்துக்கு வரி வாங்கிக்கொண்டிருந்தனர். புன்னைக்காயலில் தொண்டாற்றிய அன்றீக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறித் தமிழ் அச்சுக்கலைக்கு வழி திறந்தபோது நேப்பியருக்கு வயது இருபத்தெட்டு. இரு கரைகளும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் ஒன்றில் பிறந்த கணக்கு மற்றொன்றை வந்தடையும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுத் தவம்

1590ஆம் ஆண்டையொட்டி, ஜான் கிரெய்க் என்னும் மருத்துவர் வாயிலாக நேப்பியருக்கு ஒரு செய்தி எட்டியது. டென்மார்க்கு வானியலறிஞர் டைகோ பிராகேயின் ஆய்வுக்கூடத்தில், பெரிய எண்களின் பெருக்கலைக் கோணவியல் வாய்பாடுகளின் துணையால் கூட்டலாக மாற்றுகிறார்கள் என்பதே அது. பெருக்கலைக் கூட்டலாக்க முடியுமென்றால், வகுத்தலைக் கழித்தலாக்க முடியாதா? மூலம் காண்பதை வெறும் வகுத்தலாக்க முடியாதா? கோணவியலின் உதவியின்றி, எல்லா எண்களுக்கும் பொருந்தும் ஒரே வழி இல்லையா? இக்கேள்விகள் அவரைப் பற்றிக்கொண்டன.

அவர் கண்ட வழியின் வித்தை நாம் எளிதில் காணலாம். 2, 4, 8, 16, 32, 64 என்று பெருக்குத் தொடராக எண்களை எழுதுங்கள். அவற்றின் கீழே 1, 2, 3, 4, 5, 6 என்று கூட்டுத் தொடரை எழுதுங்கள். பதினாறை அறுபத்து நான்கால் பெருக்க வேண்டுமா? பதினாறின் கீழ் நான்கு. அறுபத்து நான்கின் கீழ் ஆறு. கூட்டினால் பத்து. பத்துக்கு மேலே இருப்பது 1024. அதுவே விடை. மேல் வரிசையின் பெருக்கல் கீழ் வரிசையின் கூட்டலாகி விட்டது!

இவ்வளவும் நேப்பியருக்கு முன்னரே சிலர் அறிந்ததுதான். இடர் எங்கே என்றால், 16க்கும் 32க்கும் இடைப்பட்ட எண்களுக்குக் கீழே எதை எழுதுவது? அங்குதான் நேப்பியரின் மேதைமை வெளிப்பட்டது. அவர் இரண்டு புள்ளிகளை மனத்தில் ஓட விட்டார். ஒரு புள்ளி, சென்றடைய வேண்டிய தொலைவு குறையக் குறைய அதே வீதத்தில் தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டு செல்கிறது. மற்றொரு புள்ளி மாறா வேகத்தில் செல்கிறது. முதற்புள்ளிக்கு எஞ்சியுள்ள தொலைவுக்கு, இரண்டாம் புள்ளி கடந்த தொலைவு மடக்கை ஆகிறது. இடைவெளியே இல்லாமல் எல்லா எண்களுக்கும் இணை கிடைத்துவிட்டது. நுண்கணிதம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தொடர்ந்து மாறும் ஒன்றை அவர் அளந்தார். விகிதம் என்றும் எண் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து லாகரிதம் என்று அதற்குப் பெயரிட்டார்.

பின்பு அட்டவணை. அக்காலத்தில் கணக்கிடும் பொறி இல்லை. உதவிக்குக் குழுவும் இல்லை. மை, இறகுப் பேனா, தாள் இவற்றோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கணக்கிட்டார். 1614இல், அவருடைய அறுபத்து நான்காம் வயதில், மடக்கைகளின் வியத்தகு அட்டவணையின் விளக்கம் என்னும் பொருள்படும் இலத்தீன் நூல் எடின்பரோவில் வெளியாயிற்று. விளக்கத்துக்கு 57 பக்கங்கள். அட்டவணைக்கு 90 பக்கங்கள்.

இரு கணிதர் சந்திப்பு

இலண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் அந்நூலைக் கண்டு பெருவியப்புற்றார். 1615ஆம் ஆண்டுக் கோடையில், அதன் ஆசிரியரை நேரில் காணவென்றே ஸ்காட்லாந்துக்குப் பயணமானார். அந்நாளில் அது பல நாள் வண்டிப் பயணம். குறித்த நாள் கடந்தும் அவர் வரக் காணாமல், இனி வரமாட்டார் என்று நேப்பியர் மனம் தளர்ந்திருந்த வேளையில் கதவு தட்டப்பட்டதாம். உள்ளே வந்த பிரிக்ஸும் நேப்பியரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கால் மணி நேரம் பேச்சற்று நின்றனர் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது.

பிரிக்ஸ் ஒரு மாதம் அங்கே தங்கினார். பத்தை அடிமானமாகக் கொண்டு, ஒன்றின் மடக்கை சுழியாகவும் பத்தின் மடக்கை ஒன்றாகவும் அமையுமாறு அட்டவணையை மாற்றினால் நலம் என இருவரும் முடிவு கண்டனர். தமக்கும் அவ்வெண்ணம் உண்டென்றும், உடல்நலம் இடந்தராது என்றும் கூறி அப்பணியை நேப்பியர் பிரிக்ஸிடம் ஒப்படைத்தார். தாம் கட்டிய வீட்டை இடித்துக் கட்ட மற்றவருக்கு மனமுவந்து இசைவு தருவது எளிதன்று. இருபது ஆண்டு உழைப்பின்மேல் அவருக்கு உரிமை இருந்தது, செருக்கு இல்லை.

1617ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் நேப்பியர் மறைந்தார். மூட்டுவாத நோயால் அவர் நெடுநாள் துன்புற்றிருந்தார். கோல்களை அடுக்கிப் பெருக்கும் எளிய கருவியை விளக்கும் அவருடைய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. அட்டவணை அமைத்த முறையை விளக்கும் நூலை மகன் இராபர்ட் 1619இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜெர்மானிய வானியலறிஞர் கெப்ளர் தம் நூலொன்றை நேப்பியருக்குக் காணிக்கையாக்கி ஒரு மடல் எழுதினார். அவர் மறைந்து ஈராண்டு கடந்தது கெப்ளருக்குத் தெரியாது.

நம் கடலுக்கு வந்த கணக்கு

நேப்பியரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எட்வர்ட் ரைட். கடற்பயணக் கணிதத்தில் அவர் வல்லுநர். அச்சேறுமுன் அவர் இறந்துவிடவே, மகன் சாமுவேல் 1616இல் அதனை வெளியிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காணிக்கையாக்கினார். கீழைக்கடல்களுக்குக் கலம் செலுத்தியவர்களுக்கே முதலில் இக்கணக்கு தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரிக்ஸ் 1624இல் வெளியிட்ட பேரட்டவணையில் விடுபட்டிருந்த பகுதியை ஆலந்து நாட்டு விளாக் 1628இல் நிறைவு செய்தார். முப்பது ஆண்டுகளில், 1658இல், அதே ஆலந்தின் கப்பல்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றின. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர் கப்பலை ஓட விட்டார். கொடி மாறியது; முதலாளி மாறினார்; ஆனால் கதிரவனின் உயரத்தை அளந்து நடுக்கடலில் தன் இடத்தைக் கணித்த கப்பல் அதிகாரியின் மேசையில் அந்நூற்றாண்டுகளில் எல்லாம் மடக்கை அட்டவணை இருந்தது.

இப்போது நம் செவ்வுக் கணக்குக்கு மீள்வோம். 36, 12, 4 ஆகியவற்றின் மடக்கைகளைக் கூட்டி, 3இன் மடக்கையைக் கழித்தால் 2.7604 வருகிறது. வர்க்கமூலம் காண இதைப் பாதியாக்கினால் போதும். 1.3802. எதிர்மடக்கை அட்டவணையைப் பார்த்தால் 24. எடை இருபத்து நான்கு மஞ்சாடி. கூட்டல், கழித்தல், பாதியாக்கல், அவ்வளவே!

இதிலும் அரிய உதவி ஒன்று உண்டு. அறியாத மாறி அடுக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டால் வேறு வழியே எளிதில் புலப்படாது. எடுத்துக்காட்டாக, கடல்நீரில் ஒவ்வொரு பாகம் ஆழத்துக்கும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொள்வோம். முத்துக் குளிப்பவருக்கு மேற்பரப்பின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கிடைப்பது எத்தனையாவது பாகத்தில்? 0.8 என்பதை எத்தனை முறை தன்னால் பெருக்கினால் 0.1 ஆகும் என்பதே கேள்வி. பெருக்கிப் பெருக்கிப் பார்த்தால் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே எங்கோ என்று மட்டும் தெரியும். இருபுறமும் மடக்கை எடுங்கள். அடுக்கில் இருந்த மாறி கீழே இறங்கி வந்து வெறும் பெருக்கும் எண்ணாக நிற்கும். 0.1இன் மடக்கையை 0.8இன் மடக்கையால் வகுக்க, அதாவது 1ஐ 0.0969ஆல் வகுக்க, 10.32 பாகம் என்ற விடை கிடைக்கிறது. ஆழத்தில் கிடந்த சிப்பியைக் கரைக்குக் கொணர்வது போல, அடுக்கில் கிடந்த மாறியை மடக்கை நம் கைக்குக் கொணர்கிறது.

மறைந்ததும் மறையாததும்

நேப்பியர் பெரிதென மதித்த சமய நூலை இன்று தேடிப் படிப்பார் மிகச் சிலரே. அதில் அவர் குறித்த 1700ஆம் ஆண்டு வந்தது, உலகம் அழியவில்லை. பகைவரை அழிக்க அவர் வரைந்த கருவிகளால் அவரை எவரும் நினைப்பதில்லை. பிறர் உழைப்பைக் குறைக்க அவர் செய்த பணியே நின்று நிலவுகிறது. பகையில் பிறந்தவை மறைந்தன. பரிவில் பிறந்தது மறையவில்லை.

அட்டவணைகளுக்கும் முடிவு வந்தது உண்மையே. மின்னணுக் கணிப்பான் பரவிய பின், ஆய்வுக்கூட மேசைகளில் கிடந்த கிளார்க் அட்டவணைகள் நூலக அடுக்குகளுக்குப் போய்விட்டன. முதலாண்டில் அந்நூலைப் புரட்டியபோது, தேர்வுக்கு உதவும் எண் குவியல் என்றே நானும் எண்ணினேன். அதன் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னே ஒரு மனிதரின் இரவுகள் இருந்தன என்பதை அப்போது அறியேன்.

அட்டவணை போனாலும் மடக்கை போகவில்லை. நிலநடுக்கத்தின் அளவும், ஒலியின் அளவும், நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். எண்ணும் மடக்கைகளே. தொழிற்புரட்சிக்கு முன் உலகக் கடல்களின் மேற்பரப்பு நீருக்கு இந்த எண் சராசரியாக 8.2 இருந்தது. காற்றில் மிகுந்த கரியமில வாயுவைக் கடல் உட்கொண்டதால் இப்போது 8.1 அளவுக்குக் குறைந்திருக்கிறது. பத்தில் ஒன்றுதானே என்று மடக்கை அறியாதவர் கடந்து போவார். அறிந்தவர் 0.1இன் எதிர்மடக்கையைக் காண்பார். அது 1.26. நீரில் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூற்றுக்கு இருபத்தாறு பங்கு கூடிவிட்டது என்பது அதன் பொருள். அமிலம் மிகுந்தால் சுண்ணாம்பால் ஓடு கட்டும் உயிர்கள் இடர்ப்படும். முத்துச்சிப்பியும் அத்தகைய உயிரே.

1961க்குப் பின் நம் கரையில் பழைய முறையிலான பெரும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் எஞ்சியிருக்கும் சிப்பிகளின் வருங்காலத்தை அறிய வேண்டுமாயின், 0.1 என்னும் சிற்றெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பேரெண்ணைக் காணும் கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணை நமக்குத் தந்தவர், இக்கடலைக் கண்டறியாத மெர்ச்சிஸ்டன் கோட்டைக்காரர். மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு சமன்பாட்டில் இருபுறமும் மடக்கை எடுக்கும்போது, அந்த இருபது ஆண்டுகளை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.